கடல் மாதிரியின் கட்டம் சிறிதானால் காலநிலைக் கணிப்பில் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வளிமண்டலத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிவிடும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேருமிடம் கடல். அந்த வெப்பம் கடலுக்குள் எங்கே போகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எங்கே திரும்ப மேலே வருகிறது என்பதைக் கணினி மாதிரி எப்படிக் கணக்கிடுகிறது? மாதிரியின் கட்ட அளவு அந்தக் கணக்கை எவ்வளவு மாற்றுகிறது? இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

கட்ட அளவு என்றால் என்ன?

கணினியால் கடலின் ஒவ்வொரு துளியையும் பின்தொடர முடியாது. அதனால் கடலைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் உப்பளவு, ஒரு நீரோட்ட வேகம். இயற்பியல் விதிகளைக் கொண்டு அடுத்த சில நிமிடங்களில் இவை எப்படி மாறும் என்று கணக்கிட்டு, அதையே நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்று நகர்த்துகிறார்கள்.

காலநிலை மாதிரிகளில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு பாகைக் கட்டம், அதாவது பக்கத்துக்கு சுமார் 100 கிலோமீட்டர். அதைவிட நுணுக்கமானது கால் பாகை, சுமார் 25 கிலோமீட்டர். பத்தில் ஒரு பாகை அல்லது பன்னிரண்டில் ஒரு பாகை என்றால் 10 கிலோமீட்டருக்குப் பக்கத்தில். இந்த மூன்று பெயர்களும் இந்தப் பக்கம் முழுக்க வரும்.

100 கிலோமீட்டர் போதாதா? கடலில் அவ்வளவு சின்னதாக என்ன இருக்கிறது?

சுழல்கள் இருக்கின்றன. கடலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவைதான். சில பத்து கிலோமீட்டரிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் வரை அகலம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தம்மோடு வெப்பத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு நகர்கின்றன. கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது.

1960கள் வரை ஆழ்கடலின் நடுப்பகுதி மெதுவாக, சீராக நகர்வதாகவே பலரும் நினைத்திருந்தார்கள். சோவியத் ஆய்வாளர்கள் 1970ல் அட்லாண்டிக்கில் நடத்திய 'பாலிகன்' பரிசோதனையும், 1973ல் அமெரிக்க, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நடத்திய 'மோட்' பரிசோதனையும் அந்த எண்ணத்தை உடைத்தன. சராசரி ஓட்டத்தைவிடச் சுழல்களின் ஓட்டமே வேகமாக இருந்தது. 1992ல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடான் செயற்கைக்கோள் கடல்மட்ட உயரத்தை விண்ணிலிருந்து அளக்கத் தொடங்கியதும், உலகக் கடல் முழுக்கச் சுழல்கள் நிறைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

வளிமண்டலத்திலும் இப்படித்தான், புயல்களும் தாழ்வழுத்தங்களும் உண்டு. ஆனால் அவை ஆயிரம் கிலோமீட்டர் அளவானவை. 100 கிலோமீட்டர் கட்டமே அவற்றை ஓரளவு பிடித்துவிடும். கடலில் சுழலின் அளவைத் தீர்மானிப்பது ராஸ்பி ஆரம் எனப்படும் நீளம். பூமியின் சுழற்சியும் நீர் அடுக்குகளின் அடர்த்தி வேறுபாடும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அது 200 கிலோமீட்டரைத் தாண்டும். நடு அட்சரேகைகளில் சில பத்து கிலோமீட்டர். துருவங்களை நெருங்கும்போது 10 கிலோமீட்டர், அதற்கும் கீழே. ஆகவே வெப்பமண்டலக் கடலுக்குப் போதுமான கட்டம் துருவக் கடலுக்குப் போதாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10 கிலோமீட்டர் கட்டம் என்றால் 10 கிலோமீட்டர் சுழல் அதில் தெரியும் என்று அர்த்தமில்லை. ஒரு சுழல் உருவாகிச் சுழன்று நகர்வதை ஒழுங்காகக் காட்ட, அதன் குறுக்கே பல கட்டங்கள் வேண்டும்.

சுழலே தெரியாத மாதிரிகள் இத்தனை காலம் எப்படி வேலை செய்தன?

தோராயச் சூத்திரங்களை வைத்துக்கொண்டுதான். சுழல் கட்டத்துக்குள் தெரியாவிட்டாலும், அது செய்யும் வேலையை ஒரு சூத்திரமாகச் சேர்க்கலாம். 1990ல் பீட்டர் ஜென்ட், ஜேம்ஸ் மெக்வில்லியம்ஸ் இருவரும் தந்த சூத்திரம் இதில் பெரிய திருப்பம். சாய்ந்து நிற்கும் அடர்த்தி அடுக்குகளைச் சுழல்கள் மெல்லத் தட்டையாக்கும். அதையும், நீர் கலப்பது பெரும்பாலும் அந்த அடுக்குகளின் வழியாகத்தான், குறுக்காக அல்ல என்பதையும் மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு பல மாதிரிகளில், கடலும் வளிமண்டலமும் விலகிப் போகாமல் இருக்க வெப்பத்தையும் நன்னீரையும் செயற்கையாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்தச் சூத்திரம் வந்த பிறகு அந்தத் திருத்தம் இல்லாமலே ஓடும் மாதிரிகள் சாத்தியமாயின.

எனவே ஒரு பாகை மாதிரிகளை மட்டமாகப் பேசுவது சரியல்ல. இன்று காலநிலை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவற்றிடமிருந்து வந்ததுதான். ஆனால் சூத்திரத்துக்குள் ஓர் எண்ணை வைக்க வேண்டும்: சுழல்கள் எவ்வளவு வலுவாக வேலை செய்கின்றன என்ற எண். காலநிலை மாறும்போது அந்த எண் எப்படி மாறும்? அதை யாரோ ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நுண்கட்டம் என்றால் அதே படம் இன்னும் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதானே?

இல்லை. இந்தத் துறையைப் பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம் இதுதான். கேமராவில் புள்ளிகளைக் கூட்டினால் எதிரே இருக்கும் காட்சி மாறாது, விவரம் மட்டும் கூடும். கடல் மாதிரியில் கட்டத்தைச் சிறிதாக்கினால் காட்சியே மாறுகிறது. சுழல்கள் தாமாக உருவாகின்றன. பெரிய நீரோட்டங்களிலிருந்து ஆற்றலை எடுக்கின்றன, சில இடங்களில் திருப்பியும் கொடுக்கின்றன. அதனால் நீரோட்டம் ஓடும் பாதை, ஆழத்தின் வெப்பநிலை, பனிவிளிம்பு, மேலே வீசும் காற்று எல்லாமே இடம் மாறுகின்றன. சின்ன அசைவுகள் பெரிய சராசரியைத் தீர்மானிக்கின்றன. நுண்கட்டத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணமே இதுதான்.

நுண்கட்டத்தைப் பற்றிப் பேசும்போது எப்போதும் வளைகுடா நீரோட்டத்தையே ஏன் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அங்கே வேறுபாடு பளிச்சென்று தெரியும். வளைகுடா நீரோட்டம் அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. ஃபுளோரிடா நீரிணையிலேயே வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீர். வட கரோலினாவின் ஹாட்டராஸ் முனையில் அது கரையை விட்டுப் பிரிந்து நடுக்கடலுக்குத் திரும்புகிறது. பிறகு நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே கிராண்ட் பேங்க்ஸ் திட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே வளைகிறது.

ஒரு பாகை மாதிரியில் இந்த நீரோட்டம் அகலமாக, மந்தமாக இருக்கும். ஹாட்டராஸில் பிரியாமல் கரையைப் பிடித்தபடி மேலும் வடக்கே போகும். அப்புறம் கிராண்ட் பேங்க்ஸில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகக் கிழக்கே ஓடிவிடும். விளைவு என்ன? அமெரிக்கக் கரையோரம் இருக்க வேண்டியதைவிடச் சூடு, வட அட்லாண்டிக்கின் நடுவில் இருக்க வேண்டியதைவிடக் குளிர். பல மாதிரிகளில் இந்தப் பிழை பல பாகை செல்சியஸ் வரை போகிறது.

கட்டத்தைப் பத்தில் ஒரு பாகைக்குக் கொண்டுவந்ததும் நீரோட்டம் ஹாட்டராஸுக்கு அருகிலேயே பிரியத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் வட அட்லாண்டிக்குக்கு நடத்திய கணக்கீட்டில் இது தெளிவாகத் தெரிந்தது. எல்லா நுண்கட்ட மாதிரியிலும் இது தானாக நடந்துவிடுவதில்லை. கடலடித் தரையின் வடிவம், உராய்வுக்கு வைக்கும் எண் ஆகியவையும் சரியாக இருக்க வேண்டும். ஆனால் கரடுமுரடான கட்டத்தில் எதைத் திருகினாலும் இது முழுமையாக வந்ததில்லை.

கரையிலிருந்து பார்க்கும்போது இதன் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் புவி இயற்பியல் நீரியக்கவியல் ஆய்வகத்தின் சிஎம் 2.6 மாதிரியில் (பத்தில் ஒரு பாகைக் கடல்) கரியமில வாயு இருமடங்கானால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். வடமேற்கு அட்லாண்டிக்கின் ஆழமற்ற கரையோரக் கடல், கரடுமுரடான மாதிரிகள் காட்டியதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகச் சூடானது. உலகச் சராசரியைவிட மூன்று மடங்குக்கு அருகில். 2016ல் வெளியான முடிவு இது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரம் உள்ள மெயின் வளைகுடாவின் மீன்வளத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு வாழ்வாதாரக் கேள்வி. இதற்காகவே கட்டத்தைச் சிறிதாக்கலாம் என்பேன்.

கடலில் நடக்கும் இந்த மாற்றம் காற்றுக்குத் தெரியுமா?

தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் அளவில் பார்த்தால் காற்றுதான் கடலை ஆட்டுவிக்கிறது. பலமாக வீசினால் கடல்பரப்பு குளிரும். ஆனால் சுழல் அளவில் உறவு தலைகீழாகிறது. சூடான சுழலுக்கு மேலே காற்று வேகம் கூடுகிறது, குளிர்ந்த சுழலுக்கு மேலே குறைகிறது. செயற்கைக்கோள் அளவீடுகள் இதை உலகின் பல பகுதிகளில் காட்டியிருக்கின்றன. ஒரு பாகை மாதிரியில் இந்த உறவு கிட்டத்தட்ட வருவதே இல்லை. கடலின் கட்டம் நுணுக்கமானதும் வந்துவிடுகிறது.

பெரிய அளவிலும் பலன் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மேற்கத்திக் காற்றை நாள்கணக்கில் தடுத்து நிறுத்தும் உயர் அழுத்த அமைப்புகள் பல மாதிரிகளில் குறைவாகவே தோன்றின. வளிமண்டல மாதிரியின் குறை என்றே அதைக் கருதி வந்தார்கள். பிரிட்டன் வானிலை அலுவலக ஆய்வாளர்கள் 2011ல் காட்டியது வேறு: கால் பாகைக் கடலை இணைத்து வட அட்லாண்டிக்கின் அந்தக் குளிர்ப்பிழை குறைந்ததும், இந்தத் தடுப்புகளின் எண்ணிக்கையும் உண்மைக்கு நெருங்கியது.

கடல் உள்வாங்கும் வெப்பத்தின் கணக்கு மாறுமா?

மாறும். சராசரி நீரோட்டங்கள் மொத்தத்தில் வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன. சுழல்கள் அதில் ஒரு பகுதியை மேலே தூக்குகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் ஆழ்கடலுக்குப் போகும் வெப்பம். மேலே சொன்ன அதே ஆய்வகம் ஒரு பாகை, கால் பாகை, பத்தில் ஒரு பாகை என்று மூன்று கடல்களை வைத்து இதை 2015ல் ஒப்பிட்டுப் பார்த்தது. பத்தில் ஒரு பாகையில் சுழல்கள் வெப்பத்தை வலுவாக மேலே தூக்கின. அதனால், வெளியிலிருந்து எந்த மாற்றமும் தராதபோதும் மாதிரிக் கடல் தானாகச் சூடாகிக்கொண்டே போகும் நகர்வு, கால் பாகையைவிட நன்றாகக் குறைந்தது. ஒரு பாகை மாதிரியின் சூத்திரமும் வெப்பத்தை மேலே தூக்கத்தான் செய்தது, ஆனால் வேறு விதத்தில்.

அப்படியானால் கால் பாகை என்பது நல்ல நடுவழி இல்லையா?

செலவுக்கு நடுவழி, இயற்பியலுக்குச் சிக்கலான வழி. கால் பாகையில் வெப்பமண்டலத்தில் சுழல்கள் நன்றாக வருகின்றன, நடு அட்சரேகையில் பாதி வருகின்றன, துருவங்களுக்கு அருகே வருவதே இல்லை. இப்போது ஜென்ட்-மெக்வில்லியம்ஸ் சூத்திரத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? வைத்தால் அரைகுறையாக உருவாகும் சுழல்களையும் அது அமுக்கிவிடும். எடுத்தால் அவை உண்மையில் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைச் செய்ய யாருமில்லை. சில கால் பாகை மாதிரிகளில் அண்டார்டிகாவைச் சுற்றும் நீரோட்டம், ஒரு பாகை மாதிரியில் இருப்பதைவிடப் பலவீனமாகிப்போனது. நுணுக்கம் கூடினால் எல்லாமே படிப்படியாக மேம்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்த இடைநிலைக்கென்றே தனிச் சூத்திரங்கள் இப்போது எழுதப்படுகின்றன. கட்டத்துக்கும் ராஸ்பி ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் சூத்திரத்தை இயக்குவது ஒரு வழி. பிசுக்குமையால், அதாவது நீருக்குள் நடக்கும் உராய்வால், தேவையில்லாமல் வீணாகும் ஆற்றலைச் சுழல்களுக்கே திருப்பித் தருவது இன்னொரு வழி.

தெற்குப் பெருங்கடலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

அங்கே அண்டார்டிகாவைச் சுற்றி எந்தக் கண்டமும் குறுக்கிடாமல் நீர் ஓடுகிறது. ஆழ்கடல் நீர் மேற்பரப்பைத் தொடுவதும், மேற்பரப்பு நீர் உள்ளே இறங்குவதும் பெரிய அளவில் நடக்கும் இடம். மனிதரால் சேர்ந்த வெப்பத்தையும் கரியமில வாயுவையும் தன் பரப்புக்கு மிஞ்சிய அளவில் அது உள்வாங்குகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் அங்கே மேற்கத்திக் காற்று வலுத்திருக்கிறது. ஓசோன் துளை அதற்கு ஒரு முக்கியக் காரணம். காற்று வலுத்தால் நீரோட்டமும் அதே அளவு வேகமெடுக்குமா? மாறாத எண்ணைக் கொண்ட சூத்திரத்தோடு ஓடும் கரடுமுரடான மாதிரியைக் கேட்டால், கணிசமாக வேகமெடுக்கும் என்று சொல்லும். சுழல்கள் உள்ள மாதிரியைக் கேட்டால், காற்று தரும் கூடுதல் ஆற்றல் பெரும்பாலும் சுழல்களுக்குப் போகிறது, மொத்த நீரோட்டம் கொஞ்சம்தான் மாறுகிறது என்று சொல்லும். அளவீடுகள் இரண்டாவது பதிலோடுதான் ஒத்துப்போகின்றன. காற்றால் மேலெழும் ஆழ்நீரின் அளவையும் சுழல்கள் ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. சூத்திரத்தின் எண்ணை இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறவிட்டால் ஒரு பாகை மாதிரியும் இந்தத் திசையில் மேம்படுகிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அண்டார்டிகாவின் கடற்பனி இன்னொரு புதிர். 2010களின் நடுப்பகுதி வரை அது குறையாமல், சற்றுக் கூடவும் செய்தது. பெரும்பாலான மாதிரிகளோ அப்போதே குறைந்திருக்க வேண்டும் என்றன. ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெகனர் நிறுவனம் 2022ல் வெளியிட்ட நுண்கட்டக் கணக்கீட்டில் பனிக் குறைவு தாமதமாகவே தொடங்கியது. சுழல்கள் வெப்பத்தைத் துருவத்தை நோக்கிக் கடத்தும் விதம் மாறியதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். புதிர் இதோடு முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுழல்களைக் கணக்கில் எடுக்காமல் அதைத் தீர்க்க முடியாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அட்லாண்டிக் தலைகீழ்ச் சுழற்சி நின்றுவிடுமா என்பதற்கு நுண்கட்டம் பதில் தருமா?

தலைகீழ்ச் சுழற்சி என்பது சூடான நீரை மேலே வடக்கும், குளிர்ந்த நீரை ஆழத்தில் தெற்கும் கொண்டுபோகும் ஓட்டம். 26.5 பாகை வடக்கில் 2004லிருந்து தொடர்ந்து அளக்கிறார்கள். சராசரி வினாடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர். நுண்கட்ட மாதிரிகளை ஒப்பிடும் சர்வதேசத் திட்டத்தின் முடிவுகளில், கட்டம் சிறிதாகும்போது இந்தச் சுழற்சி வலுவாக இருப்பதும், 2050 வரையிலான கணிப்பில் அதன் சரிவும் அதிகமாக இருப்பதும் தெரிந்தது. நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமானால் நூற்றாண்டுகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான கணினி நேரம்தான் தட்டுப்பாடு.

எவ்வளவு செலவாகும்?

கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கிழக்கு மேற்கில் இரண்டு மடங்கு, வடக்கு தெற்கில் இரண்டு மடங்கு. காலப்படியையும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே உள்ள நேரத்தையும், பாதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு சிதறிவிடும். குராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928லேயே சொன்ன நிபந்தனை அது. ஆக மொத்தம் எட்டு மடங்கு. ஒரு பாகையிலிருந்து பத்தில் ஒரு பாகைக்குப் போனால் ஆயிரம் மடங்கு, செங்குத்து அடுக்குகளைக் கூட்டாமலேயே.

ஆழ்கடல் ஒரு சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு பாகை மாதிரியை அப்படி ஓட்டிப் பழக்கலாம். நுண்கட்ட மாதிரியை முடியாது. அந்தச் சர்வதேசத் திட்டத்தில் சில பத்தாண்டுகள் மட்டும் பழக்கிவிட்டு, 1950லிருந்து 2050 வரை ஓட்டினார்கள். அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் சேர்ந்து சன்வே தைஹுலைட் சூப்பர் கம்ப்யூட்டரில் பத்தில் ஒரு பாகைக் கடலோடு 500 ஆண்டுகள் ஓட்டியது 2020ல் வெளியானது. இந்தத் துறையில் அது பெரிய சாதனை.

உலகச் சராசரி வெப்பநிலைக் கணிப்பு இதனால் தலைகீழாகுமா?

ஆகாது. கரியமில வாயு இருமடங்கானால் உலகம் எவ்வளவு சூடாகும் என்பதில் மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் மேகங்கள். கடலின் நுண்கட்டம் பெரிதும் மாற்றுவது எந்த இடம், எந்த வேகம் என்பதை.

எல்லாக் கடலுக்கும் ஒரே அளவு கட்டம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. மேலே சொன்ன ஜெர்மன் நிறுவனத்தின் 'ஃபெசம்' மாதிரி முக்கோணக் கட்டங்களைப் பயன்படுத்துகிறது. சுழல்கள் மிகுந்த இடத்தில் முக்கோணங்கள் சிறியவை, அமைதியான இடத்தில் பெரியவை. கிடைக்கும் கணினியைச் சிக்கனமாகச் செலவிட இது அருமையான வழி.

நுண்கட்டத்தால் சரியாகாதவை எவை?

நிறைய. நமீபியா, பெரு கரையோரங்களில் குளிர்ந்த நீர் மேலெழும் பகுதிகள் பல மாதிரிகளில் அதிகச் சூடாக வருகின்றன. கடலை மட்டும் நுணுக்கமாக்கினால் போதாது. கரையோரக் காற்றும் அதற்கு மேலே நிற்கும் தாழ்மேகங்களும் சரியாக வேண்டும். டென்மார்க் நீரிணை போன்ற இடங்களில் அடர்ந்த நீர் கடலடிச் சரிவில் வழிந்து இறங்குகிறது. அந்த மெல்லிய வழிதலுக்கு 10 கிலோமீட்டர் கட்டம்கூடப் பெரிது. அலைகளும் ஓதங்களும் ஆழத்தில் செய்யும் கலப்புக்குச் சூத்திரம்தான் கதி. 10 கிலோமீட்டருக்குக் கீழே இன்னொரு சுழல் உலகமே இருக்கிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், முந்தையவற்றைவிட நுணுக்கமாக அளந்து அந்த உலகின் வாசலைக் காட்டத் தொடங்கியிருக்கிறது.

செங்குத்து அடுக்குகளையும் மறக்கக் கூடாது. கிடைமட்டத்தில் மட்டும் நுணுக்கமாக்கி, ஆழத்தில் கனத்த அடுக்குகளோடு விட்டுவிட்டால் சுழலின் செங்குத்து அமைப்பு சரியாக வராது.

கடல் வெப்ப அலைகள் பற்றிய கணிப்புக்கு இது முக்கியமா?

மிகவும். கரடுமுரடான மாதிரிகளில் கடல் வெப்ப அலைகள் உண்மையில் இருப்பதைவிட வலுக்குறைந்து, நீண்ட நாள் நீடிப்பவையாக, எண்ணிக்கையில் குறைவாகத் தெரிகின்றன. பவளப்பாறைகளுக்கும் கரையோர மீன்பிடிப்புக்கும் உச்ச வெப்பநிலைதான் ஆபத்து. சராசரியைப் பார்த்து முடிவெடுத்தால் தவறிவிடும்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் செலவைக் குறைக்குமா?

நுண்கட்டக் கணக்கீடுகளிலிருந்து சுழல்களின் வேலையைக் கற்றுக்கொண்டு, அதைக் கரடுமுரடான மாதிரிக்குச் சூத்திரமாகத் தரும் முயற்சிகள் நடக்கின்றன. நம்பிக்கை தரும் பாதை. ஆனால் பாடம் படிக்கவே நுண்கட்டக் கணக்கீடு வேண்டும். இன்றைய கடலில் கற்றது, பல பாகை சூடான கடலுக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தாக வேண்டும்.

ஒரு கணிப்பைப் படிக்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கடலின் கட்ட அளவைத் தேடுங்கள். பல செய்திகள் வளிமண்டலக் கட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். கேள்வி உலகச் சராசரி பற்றியது என்றால் ஒரு பாகை மாதிரிகளின் பெரிய தொகுப்பையே நம்புங்கள். பல முறை ஓட்டியதால் இயற்கையின் ஏற்ற இறக்கத்தையும் காலநிலை மாற்றத்தையும் அவற்றால் பிரித்துக் காட்ட முடியும். கேள்வி ஒரு குறிப்பிட்ட கரையோரம், நீரோட்டம், பனிவிளிம்பு பற்றியது என்றால் நுண்கட்டக் கணக்கீடு அங்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது எத்தனை முறை ஓட்டப்பட்டது, தொடங்குவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் பழக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு முறை ஓட்டிய முடிவாக இருந்தால், அதில் எவ்வளவு தற்செயல் என்று சொல்ல வழியில்லை. இரண்டு வகை மாதிரிகளும் அந்த இடத்தில் முரண்பட்டால், அந்தக் கரைக்குத் திட்டம் போடுபவர்கள் இரண்டு எண்களையும் மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.